பொன்னாடையும் சிவப்பு விளக்கும்

சென்ற கோடையில் ஒரு கலியாண மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, கல்விச் சபையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளை ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். பெயர் அபிராமி. இங்கே, கனடாவில் பிறந்தவள்.

"அங்கிள், இப்ப பேரன்ட்ஸ் சபையிலை பேசுறதெண்டா ஸ்கிரீனிலைதான். டைம் முடிஞ்சா மைக் தானாவே மியூட் ஆகிடும். உங்கட காலத்திலை ஆர் நிப்பாட்டினது?"

"நான்தான்," என்றேன்.

பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். பகிடி இல்லை. மற்றவர்களின் பேச்சை நிறுத்துவதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். அதற்கு இப்போது ஓய்வூதியமும் வருகிறது. அவள் விடாமல் கேட்டதால் அன்று சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். அன்று பாயசம் வந்து குழப்பியதால் சில இடங்களை விட்டுவிட்டேன்.

நான் ரொறன்ரோவுக்கு வந்தது எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குக் கொஞ்சம் முன்னால். யாழ்ப்பாணத்தில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்து, கொழும்பில் ஒரு கந்தோரில் லிகிதராக இருந்தவன். இங்கே முதலில் பெட்டி ஒட்டினேன், பிறகு கோப்பை கழுவினேன். அந்தக் கதையை எங்கள் ஆட்கள் எல்லாரும் எழுதிவிட்டார்கள், ஆகவே நான் தாண்டிப் போகிறேன். சுருக்கெழுத்துத் தெரிந்த ஆள் தேவை என்று ஒரு கல்விச் சபை விளம்பரம் போட்டிருந்தது. போனேன், எழுதிக் காட்டினேன், எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நாளில் நகரமும் சுற்றுப்புறமும் பல கல்விச் சபைகளாகப் பிரிந்து கிடந்தன. எங்களுடையது சிறியது. பெயரைச் சொல்லப் போவதில்லை. அதில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் எங்கேயோ தேர்தலில் நிற்கிறார்கள். உறுப்பினராக ஒன்பது ட்ரஸ்டிமார். எல்லாரும் வோட்டில் வந்தவர்கள். ஊரில் கோயில் தர்மகர்த்தா சபைக் கூட்டத்தைப் பார்த்தவனுக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. பனி தள்ளும் இயந்திரம் ஒன்று வாங்குவதா வேண்டாமா என்று ஒரு மாலை முழுவதும் சண்டை பிடிப்பார்கள். வருடம் முழுவதற்குமான வரவு செலவுத் திட்டத்தை, தேத்தண்ணீர் ஆறுவதற்குள் நிறைவேற்றிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதை ஒருவரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

கூட்டத்தில் என் வேலை இரண்டு. ஒன்று, நடப்பதை எழுதி மினிட்ஸ் தயாரிப்பது. மற்றது, விளக்குப் பெட்டி. சபைக்கு முன்னால் பேச வரும் பொதுமக்களுக்குப் பத்து நிமிடம். பேசத் தொடங்கியதும் நான் பச்சை விளக்கைப் போடுவேன். முடிவு நெருங்கும்போது மஞ்சள். பிறகு சிவப்பு. சிவப்பு எரிந்தால், ஒருவர் வசனத்தின் நடுவில் நின்றாலும் வாயை மூடவேண்டும்.

என் மேலதிகாரி சபைச் செயலாளர் மிஸ்டர் ஹென்ஷோ. மெலிந்த, உயர்ந்த மனிதர். கன்னத்தில் எப்போதும் ஒரு பெப்பர்மின்ட் ஒதுங்கியிருக்கும். நடைமுறை விதிப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பார், ஆனால் திறப்பது குறைவு. அந்தப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் அவருடைய தலைக்குள்ளும் இருக்கிறது என்பது எல்லோருடைய நம்பிக்கை. அவர் ஒருநாளும் "முடியாது" என்று சொல்லமாட்டார். "அது எங்கள் முன் இல்லை" என்பார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத எதுவும் அவருக்கு உலகத்திலும் இல்லை. ஒருமுறை கூட்டம் நடக்கும்போது கூரை ஒழுகி மேசையில் தண்ணீர் சொட்டியது. ஒரு ட்ரஸ்டி விரலால் மேலே காட்டினார். ஹென்ஷோ நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது எங்கள் முன் இல்லை" என்றார். நான் எழுந்துபோய் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாகாணத்துக் காசு பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து வரும், மிச்சம் வீட்டு வரியிலிருந்து வரும். எங்கள் சபையில் பிள்ளைகள் குறைந்துகொண்டு போனார்கள். எண்பத்து மூன்று ஆடிக்குப் பிறகு எங்கள் சனம் வந்து இறங்கியது. வெறுமையாய்க் கிடந்த வகுப்பறைகளில் கறுத்த தலைகள் தெரிந்தன. ட்ரஸ்டிமாருக்குச் சந்தோஷம்தான். ஆனால் வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போதாது. சொல்லிக்கொடுக்கத் தனி ஆசிரியை வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். சந்தோஷம் அந்த இடத்தில் முடிந்தது.

ஒரு பாடசாலையில் மட்டும் வரவேற்பு வகுப்பு என்று ஒன்று நடந்தது. புதிதாக வந்த பிள்ளைகள் பாதி நாள் அங்கே இருந்து ஆங்கிலம் படிப்பார்கள், மிச்ச நேரம் தங்கள் வயதுப் பிள்ளைகளோடு கணக்கு, விஞ்ஞானம் படிப்பார்கள். எண்பதுகளின் நடுவில் ஒரு பனிக்காலம், அந்த வகுப்பை மூடும் யோசனை வந்தது. சின்னப் பிள்ளைகளைச் சாதாரண வகுப்புகளில் போடுவது, பெரிய பிள்ளைகளைத் தொழிற்பள்ளிக்கு அனுப்புவது. தொழிற்பள்ளியில் பெடியன்களுக்குப் புல்லு வெட்டும் இயந்திரம் திருத்தப் பழக்குவார்கள், பெட்டையளுக்குத் தலைமயிர் வெட்டப் பழக்குவார்கள். அங்கே போனால் பல்கலைக்கழகக் கதவு பூட்டித் திறப்பையும் எறிந்த மாதிரித்தான். இதைப் பெற்றோருக்கு ஒருவரும் விளங்கச் சொல்லவில்லை. யாரைத் தொழிற்பள்ளிக்கு அனுப்புவது என்று பார்க்க ஒரு சோதனையும் வைத்தார்கள்.

அந்தச் சோதனையில் விழுந்தவள் நந்தினி. பதினான்கு வயது. கணக்கில் புலி. ஆங்கிலத்தில் ஊமை. ஒரு படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பனியில் சறுக்கி விளையாடும் பலகை. பிள்ளை நன்றாக யோசித்து, கதவு என்று சொல்லியிருக்கிறாள். கழற்றி வைத்த கதவு என்று நானும் சொல்லியிருப்பேன். அதோடு அவளுடைய பெயர் தலைமயிர் வெட்டும் பட்டியலில் ஏறிவிட்டது.

நந்தினியின் தகப்பன் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியின் அதிபர். பிறகு கொழும்புக்கு மாற்றலாகி, கலவரத்தில் வீட்டை எரியக்கொடுத்துவிட்டு வந்தவர். நாங்கள் எல்லாரும் அவரை அதிபர் அண்ணை என்போம். இங்கே கார் நிறுத்துமிடம் ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து சீட்டுக் கொடுத்தார், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு. வெக்ஸ்போர்ட்டில் நான் இருந்த கட்டடத்திலேயே அவர்களும் இருந்தார்கள். மனைவி தவமணி அக்கா. ஒரே பிள்ளை நந்தினி.

எங்கள் சனத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பஸ்காரனோடு சண்டை பிடிக்கும், மீன்கடையில் பேரம் பேசும். ஆனால் பாடசாலையில் ஒரு ஆசிரியை "உங்கள் பிள்ளைக்கு இதுதான் நல்லது" என்று சொன்னால், எழும்பி நின்று நன்றி சொல்லிவிட்டு வரும். ஊரில் வாத்தியாருக்கு மறுத்துப் பேசிப் பழக்கம் இல்லை. மற்றத் தகப்பன்மார் எல்லாரும் நன்றி சொல்லிவிட்டு வந்தார்கள். அதிபர் அண்ணை மட்டும்தான், தானும் ஒரு வாத்தியார் என்ற திமிரில், சபைக்கு முன்னால் பேசவேண்டும் என்று நின்றார். உடனே ஒரு பெற்றோர் சங்கம் உருவானது. உருவாகிய அன்றே அதற்குள் இரண்டு கோஷ்டிகளும் உருவாகின.

பேச அனுமதி கிடைத்ததும் நான் அவர் வீட்டுக்குப் போனேன். உத்தியோகத்தன் போகக்கூடாது. போனேன்.

"அண்ணை, பத்து நிமிசம்தான். நேரா விசயத்துக்கு வாங்கோ," என்றேன்.

"தம்பி, சபை நாகரிகம் எண்டு ஒண்டு இருக்கு. எடுத்த உடனே எனக்குத் தா எண்டு கேக்கிறதுக்கு நாங்கள் என்ன பிச்சைக்காரரே? முதலிலை வரவேற்புரை. பிறகு பொன்னாடை. அதுக்குப் பிறகு என்ரை உரை. கடைசியா நன்றியுரை."

"அவையின்ரை மண்டபத்திலை அவையை நீங்கள் என்னெண்டு வரவேற்கிறது?"

"அதெல்லாம் நீர் யோசியாதையும்."

உள்ளே தையல் மெஷின் சத்தம் கேட்டது. தவமணி அக்கா ஒரு பட்டுச் சேலையை மூன்றாக வெட்டி ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். எரிந்த வீட்டிலிருந்து அவர் வெளியே கொண்டுவந்தது இரண்டு சேலைதான். அதில் ஒன்று இது.

"ஏனக்கா இதை வெட்டினீங்கள்?"

"உடுத்திக்கொண்டு எங்கை போறது, தம்பி? பனிக்குள்ளையோ?" என்றார் அவர், ஊசியைப் பார்த்துக்கொண்டு. "பிள்ளையின்ரை அலுவல் முடியட்டும்."

மறுநாள் கந்தோரில் ஹென்ஷோவிடம், எங்கள் ஆட்களுக்கு இந்த ஊர் முறை தெரியாது, கொஞ்சம் நேரம் கூட்டிக் கொடுக்க முடியுமா என்று நைசாகக் கேட்டேன். பெப்பர்மின்டை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றினார். "அது எங்கள் முன் இல்லை, நாதன்," என்றார்.

கூட்ட நாள் வந்தது. மண்டப வாசலில் இரண்டு பெண்கள் பன்னீர்ச் செம்போடும் சந்தனக் கிண்ணத்தோடும் நின்றார்கள். வந்த ட்ரஸ்டிமாருக்கெல்லாம் பன்னீர் தெளித்தார்கள். தலைவி மிஸஸ் வார்டன் குனிந்து தப்பப் பார்த்தார். அவருடைய நிகழ்ச்சி நிரலில் மை கரைந்தது. காவலாளி ஏதோ இரசாயனம் என்று பயந்து என்னிடம் ஓடிவந்தான். நான் அவனுக்கும் கொஞ்சம் தெளிக்கச் சொன்னேன்.

பச்சை விளக்கைப் போட்டேன். வரவேற்புரை சொல்பவர் எழுந்தார். தலைவியை விளித்தார். துணைத் தலைவரை விளித்தார். மிச்ச ட்ரஸ்டிமாரை ஆளாளாக விளித்தார். தாய்மார்களை, தந்தைமார்களை விளித்தார். கனடா நாட்டையும் விளித்தார். பிறகு பொன்னாடை. முதலாவது தலைவிக்கு. இரண்டாவது எங்கள் வட்டாரத்து ட்ரஸ்டி மிஸ்டர் ஓக்லிக்கு. இந்த ஓக்லி ஒரு இரும்புக்கடைக்காரர், சபையிலேயே பெரிய கஞ்சன். சோக்கட்டியை உடைத்துப் பாவித்தால் மிச்சம் பிடிக்கலாமா என்று கேட்டவர்.

மூன்றாவது பொன்னாடை கல்விப் பணிப்பாளருக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். பணிப்பாளரும் அப்படித்தான் நினைத்து, கழுத்துப்பட்டியைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்தார். அதிபர் அண்ணை அவரைத் தாண்டிப்போய் ஹென்ஷோவின் தோளில் போர்த்தினார். வாழ்நாள் முழுவதும் அரசாங்கக் கந்தோர்ப் படிகளில் ஏறி இறங்கிய மனிசனுக்குத் தெரியும், பெரிய கதிரையில் இருப்பவரால் காரியம் ஆகாது, பெரிய கிளாக்கரைப் பிடித்தால்தான் கோப்பு நகரும் என்று. ஹென்ஷோ அசையவில்லை. பெப்பர்மின்டும் அசையவில்லை. தங்கக்கரை போட்ட அரக்குப் பட்டு, சாம்பல் கோட்டின் மேல் கிடந்தது.

அதற்குள் மஞ்சள் போட்டாயிற்று. அதிபர் அண்ணை தன் உரையைத் தொடங்கினார். விக்டோரியா மகாராணியின் காலத்து ஆங்கிலம். கல்வியின் பெருமை, யாழ்ப்பாணத்தில் அதன் வரலாறு, மிஷனரிமார் செய்த தொண்டு. முதல் பக்கம் முடிந்து தாளைப் புரட்டினார். வகுப்பு என்ற சொல் இன்னும் வரவில்லை. நந்தினி தாயின் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள்.

என் விரல் சுவிட்சில் இருந்தது. அந்த நேரம் எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மனிசா, உன் பிள்ளையின் சீவியம் போகிறது, நீ மிஷனரிமாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாயே என்று மனதுக்குள் ஏசினேன். சிவப்பைப் போட்டேன்.

"நன்றி. உங்கள் நேரம் முடிந்தது," என்றார் மிஸஸ் வார்டன். "அடுத்த விஷயத்துக்குப் போவோம்."

சிலர் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். அதிபர் அண்ணை இரண்டாம் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஓக்லி பொன்னாடையின் கரையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடமாக ட்ரஸ்டியாக இருக்கிறவர். அதுவரை சனம் அவருக்குக் கொடுத்தது ஏச்சு மட்டும்தான். தொண்டையைச் செருமினார்.

"இந்த மனிதர் இவ்வளவு நேரமும் எங்களைப் புகழ்ந்தார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. ஐயா, உங்களுக்கு என்னதான் வேண்டும்?"

"நேரம் முடிந்துவிட்டது, மிஸ்டர் ஓக்லி," என்று தலைவி சொல்லிவிட்டு ஹென்ஷோவைப் பார்த்தார்.

ஹென்ஷோ விதிப் புத்தகத்தைத் திறந்தார். அவர் திறந்து நான் பார்த்தது மிகவும் அரிது. ஒரு பக்கத்தைப் புரட்டினார், விரலை வைத்தார். "ட்ரஸ்டி கேட்கும் கேள்விக்குச் சொல்லும் பதிலுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை, தலைவி அவர்களே. விளக்கை அணை, நாதன்."

அணைத்தேன்.

அதிபர் அண்ணை திரும்பவும் தாளைப் பார்த்தார். என்ன வேண்டும் என்று ஒரு அதிகாரி நேரே கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. பின்னாலிருந்து தவமணி அக்கா தமிழில் சொன்னார்: "பிள்ளையின்ரை கதையைச் சொல்லுங்கோப்பா. மிஷனரியள் இருக்கட்டும்."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். இந்த முறை வந்தது வேறு ஆங்கிலம், சின்னச் சின்ன வசனங்கள்.

"நான் அதிபராக இருந்தவன். எந்தப் பிள்ளை எந்த வகுப்புக்கு என்று பிரித்தவன். ஒரு தகப்பன் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பான். அவன் வரும் முன்பே நான் முடிவெடுத்திருப்பேன். ஆனாலும் கேட்பதுபோல முகத்தை வைத்திருப்பேன். இப்போது இந்த மேசையில் அந்த முகத்தைத்தான் பார்க்கிறேன். எனக்கு அதை நன்றாகத் தெரியும். அது என்னுடைய முகம்."

யாரோ ஒருவர் கதிரையில் அசைந்தார்.

"என் மகளுக்கு ஒரு படம் காட்டினீர்கள். கதவு என்றாள். அவள் அப்போதுதான் பனியை முதல் முதலாகக் காண்கிறாள். கணக்குக் கொடுத்துப் பாருங்கள், நீங்கள் கொடுக்கவில்லை. இந்த வகுப்பில் அவள் வாய் திறக்கத் தொடங்கியிருக்கிறாள். வகுப்பை மூடினால் தலைமயிர் வெட்டப் போவாள். அது கேவலமான தொழில் இல்லை. ஆனால் அவளைக் கேட்டீர்களா? எனக்கு வேண்டியது அதுதான். வகுப்பு இருக்கட்டும். பிறகு அவளைக் கேளுங்கள்."

சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். நன்றியுரைக்குப் பொறுப்பானவர் எழும்பப் பார்த்தார், தவமணி அக்கா அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்து இருத்தினார். அந்த மனிசன் அதற்குப் பிறகு சங்கத்துக்கு வரவே இல்லை, இன்னொரு சங்கம் தொடங்கினார்.

வாக்கெடுத்தார்கள். ஒரு வாக்கு வித்தியாசத்தில் வகுப்பு தப்பியது, ஒரு வருடத்துக்கு மட்டும். ஓக்லி எங்கள் பக்கம் கை தூக்கினார். மிஸஸ் வார்டன் பட்டுத் தோளோடு எதிர்த்துக் கை தூக்கினார். மூன்றில் ஒரு துண்டு சேலை வீணாகப் போயிற்று என்று எழுதிக்கொண்டே நினைத்தேன்.

அடுத்த நாள் ஹென்ஷோவின் மேசையில் விதிப் புத்தகம் கிடந்தது. அவர் சாப்பிடப் போன நேரம் எடுத்துத் தேடினேன். பொதுமக்கள் பேசும் நேரம் பற்றிய பகுதி முழுவதையும் வாசித்தேன். பதிலுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று ஓர் இடத்திலும் இல்லை. கேள்விக்கும் பதிலுக்கும் சேர்த்து அந்தப் பத்து நிமிடம்தான் என்று தெளிவாகவே இருந்தது. திரும்பி வந்தவரிடம் கேட்டுவிட்டேன்.

"சேர், நேற்று நீங்கள் சொன்ன விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

அவர் கோட்டைக் கழற்றிக் கொளுவினார். பெப்பர்மின்ட் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். இன்னொன்றை என் பக்கம் தள்ளினார்.

"அது எங்கள் முன் இல்லை, நாதன்."

நந்தினி அந்த ஒரு வருடத்தில் ஆங்கிலத்தைப் பிடித்துவிட்டாள். உயர்நிலைப் பள்ளியில் நேர் வழியில் போனாள், பல்கலைக்கழகத்தில் கணக்குப் படித்துப் பட்டம் எடுத்தாள். அதிபர் அண்ணை அவள் பட்டமளிப்பு உடுப்பில் நின்ற படத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டி வைத்து, சீட்டு வாங்க வந்த கார்க்காரர் எல்லாருக்கும் காட்டினார். பட்டத்தை எடுத்த கையோடு அவள் மோர்னிங்சைட்டில் ஒரு சலூன் திறந்தாள். மணப்பெண் அலங்காரம், தலைமயிர் வெட்டு, எல்லாம். அதிபர் அண்ணை ஒரு வருடம் அவளோடு பேசவில்லை.

நான் இந்தக் கதையை அபிராமிக்குச் சொல்லிக்கொண்டிருந்த கலியாண மண்டபத்துக்கு, மணப்பெண்ணுக்குத் தலை கட்ட வந்தவளும் நந்தினிதான். இடுப்பில் சீப்பும் கையில் கொண்டை ஊசிப் பெட்டியுமாக எங்களிடம் வந்து நின்றாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அதிபர் அண்ணை, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு.

அவள்தான் இவள் என்று அபிராமிக்குக் காட்டினேன். அபிராமி என்னைப் பார்த்தாள், நந்தினியைப் பார்த்தாள். "வெயிட், அன்ரி. உங்களை ஹெயார் கட்டிங்குக்கு அனுப்பக் கூடாதெண்டுதானே இவ்வளவு ஃபைட்டும்?"

"ஓம்," என்றாள் நந்தினி.

"பிறகு நீங்கள் ஏன்?"

"அது அண்டைக்கு அவை எனக்கெண்டு எழுதி வைச்சது. இது நானாத் தெரிஞ்செடுத்தது." ஒரு ஊசியை எடுத்து அபிராமியின் அவிழ்ந்த கொண்டையில் குத்திவிட்டாள். "என்னைக் கேளுங்கோ எண்டுதான் அப்பாவும் அண்டைக்குச் சபையிலை கேட்டவர். கேட்டிட்டு, நான் பதில் சொன்ன உடனை ஒரு வருசம் கதைக்கேல்லை."

அதிபர் அண்ணைக்குக் காது சரியாகக் கேட்காது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அவர் கையை நீட்டி என் முழங்கையைத் தட்டினார்.

"தம்பி, பிள்ளை சொன்னதை எழுதிக்கொள்ளும். மினிட்ஸிலை வரவேணும்."